தொலைக்காட்சியும் சமையற்கலையும்

சமையல் அருகில் நின்று கற்கும் கலை. தாயின் கையைப் பார்த்து மகள் பழகினாள். மாமியின் கையைப் பார்த்து மருமகள் பழகினாள். அளவும் நேரமும் ஏட்டில் எழுதப்பட்டிருக்கவில்லை. ஒரு கைப்பிடி, ஒரு சிட்டிகை, எலுமிச்சம்பழ அளவு என்னும் சொற்களே அளவுகோல்களாக விளங்கின. ஒரே ஊரில், ஒரே வீட்டில், தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த காலத்தில் இம்முறை போதுமானதாக இருந்தது.

ஆயின், உத்தியோகத்தின் பொருட்டும் வாணிபத்தின் பொருட்டும் ஊரை விட்டுப் புறப்பட்டு தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய குடும்பங்களுக்கு இந்த அருகாமை இல்லாமற் போயிற்று. திருமணமான சில நாட்களிலேயே இரயிலேறிய பெண்ணுக்கு, ரசம் பொங்கிக் கொதிக்கலாகாது, நுரை கூடியதும் இறக்கிவிட வேண்டும் என்று பக்கத்தில் நின்று சொல்ல யார் இருந்தனர்? இத்தகைய தேவையை நன்கு உணர்ந்தே மீனாட்சி அம்மாள் 1951-ஆம் ஆண்டில் 'சமைத்துப் பார்' என்னும் நூலை வெளியிட்டார். ஊரை விட்டு வந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் அந்நூல் பஞ்சாங்கத்திற்கு அடுத்தபடியாக மதிக்கப்பட்டது.

எனினும் நூலுக்கும் ஓர் எல்லை உண்டு. வெல்லப் பாகு பதம் வந்ததும் மாவைக் கொட்டிக் கிளறுக என்று எழுதலாம். அந்தப் பதம் எவ்வாறிருக்கும் என்பதை எழுத்து காட்டாது. நீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டிப் பார்க்கும் கையைக் கண்ணால் கண்டவருக்கே அது விளங்கும். எழுத்து காட்ட இயலாத அந்தக் கையைக் காட்டவல்ல சாதனமாகத் தொலைக்காட்சி வந்தது. கண்ணெதிரே ஒருவர் சமைத்துக் காட்டுவார். நாமும் பார்த்துச் செய்யலாம் என்ற நம்பிக்கை அன்று உலகெங்கும் எழுந்தது. சிறிது காலம் அந்நம்பிக்கை நிறைவேறவும் செய்தது. பின்னர், கற்பிக்க வந்த அடுப்பு களிப்பூட்டும் அரங்கமாக மாறிவிட்டது. இம்மாறுதல் எவ்வாறு நிகழ்ந்தது, ஏன் நிகழ்ந்தது, ஊரை விட்டு வாழும் நமக்கு அதனால் விளைந்த நன்மை தீமைகள் யாவை என்பனவற்றை இங்கே ஆராய்வோம்.

முதலில் வானொலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுதல் பொருந்தும். தொலைக்காட்சிக்கு முன்னரே சமையற் பாடத்தை வீட்டுக்குள் கொண்டு சேர்த்தது வானொலியே. அமெரிக்காவின் விவசாயத் துறை 1926-ஆம் ஆண்டில் இல்லத்தரசிகளுக்கென ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கிற்று. அந்நாட்டு அரசை உருவகப்படுத்தும் 'அங்கிள் சாம்' என்னும் கற்பனை மனிதருக்கு இணையாக 'ஆன்ட் சாமி' என்றொரு கற்பனைப் பெண்மணியைப் படைத்தனர். துறையில் எழுதப்பட்ட ஒரே உரையைப் பற்பல நிலையங்களில் பற்பல பெண்கள் தத்தம் குரலில் படித்தனர். கேட்டவர் ஒவ்வொருவருக்கும் 'ஆன்ட் சாமி' தம் பகுதியைச் சேர்ந்தவராகவே தோன்றினார். அக்குறிப்புகள் மறு ஆண்டே நூலாகவும் வெளிவந்தன. நம் நாட்டிலும் வானொலியின் மாதர் நிகழ்ச்சிகளில் சமையற் குறிப்புகள் இடம் பெற்றன. கேட்போர் எழுதிக்கொள்ளும் வண்ணம் நிறுத்தி நிதானமாகப் படிக்கப்படும் குறிப்பில் வேடிக்கைக்கு இடமில்லை; பயனுக்கே இடம் உண்டு.

தொலைக்காட்சியில் முதன்முதல் சமைத்துக் காட்டியவர்களுள் ஒருவர் மார்செல் பூலஸ்தேன் என்னும் பிரெஞ்சுக்காரர். அவர் 1937-இல் பி.பி.சி. தொலைக்காட்சியில் தோன்றினார். உலகப் போர் குறுக்கிட்டு ஒளிபரப்பு நின்றது. போர் முடிந்தபின் 1946-இல் பிலிப் ஹார்பன் என்பவர் பி.பி.சி.யில் தொடர்ந்து சமையல் கற்பிக்கலானார். அதே ஆண்டில் அமெரிக்காவில் ஜேம்ஸ் பியர்ட் என்பவர் என்.பி.சி. நிறுவனத்தின் வாயிலாகப் பதினைந்து நிமிட நிகழ்ச்சி ஒன்றை நடத்தினார். பிரிட்டனில் உணவுப் பங்கீடு 1954 வரை நீடித்தது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். வெண்ணெயும் இறைச்சியும் சீட்டுக்கு அளந்து கொடுக்கப்பட்ட நாட்கள் அவை. கிடைத்ததை வீணாக்காமல் சமைப்பது எங்ஙனம் என்பதே மக்கள் அறிய விரும்பிய செய்தி. பஞ்ச காலத்தில் சமையற் பாடம் பொழுதுபோக்கு ஆகாது.

கற்பித்தலின் பொற்காலம் என்று சொல்லத்தக்கது 1963-இல் பிறந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் விளம்பரங்கள் இல்லாத பொதுநலத் தொலைக்காட்சி நிலையம் ஒன்று இருந்தது. பிரெஞ்சுச் சமையலைப் பற்றித் தோழியர் இருவருடன் சேர்ந்து பெரிய நூலொன்றை 1961-இல் வெளியிட்டிருந்த ஜூலியா சைல்டு அம்மையார், அந்நிலையத்தின் நூல் மதிப்புரை நிகழ்ச்சிக்கு விருந்தினராக அழைக்கப்பட்டார். வெறுமனே நூலைப் பற்றிப் பேசாமல், உடன் கொண்டு சென்ற சிறு அடுப்பில் முட்டை அடை ஒன்றைச் செய்து காட்டினார். அதனைக் கண்ட நேயர்கள் இவரை மீண்டும் காண வேண்டும் என்று நிலையத்திற்குக் கடிதம் எழுதினர். அக்கடிதங்களை மதித்தே நிலையத்தார் அவருக்கென ஒரு தொடரை அமைத்தனர். 'பிரெஞ்சுச் சமையற்காரர்' என்று பொருள்படும் பெயருடன் 1963 பிப்ரவரியில் தொடங்கிய அந்நிகழ்ச்சி பத்தாண்டுகள் நடைபெற்றது.

அதன் சிறப்பு யாது? ஏறத்தாழ அரை மணி நேர நிகழ்ச்சி, வெட்டி ஒட்டாமல் பெரும்பாலும் ஒரே தொடர்ச்சியாகப் பதிவு செய்யப்பட்டது. ஆதலின் சமையலில் நேரும் தடுமாற்றங்களும் அப்படியே திரையில் வந்தன. ஒருமுறை உருளைக்கிழங்கு அடையைச் சட்டியில் தூக்கிப் புரட்ட முயன்றார். ஒரு பகுதி அடுப்பின் மேல் விழுந்தது. சற்றும் கலங்காமல் அதனைப் பொறுக்கி மீண்டும் சட்டியில் சேர்த்து, சமையலறையில் தனியாக இருக்கும்போது யார் காணப் போகிறார்கள் என்ற கருத்துப்படக் கூறினார். பிற்காலத்தில் இந்நிகழ்ச்சியை ஊதிப் பெருக்கி, அவர் முழுக் கோழியையே தரையில் நழுவவிட்டு எடுத்துக்கொண்டதாகக் கதை கட்டினர். அது உண்மையன்று. உண்மையில் நடந்ததோ நல்ல பாடம். புரட்டும்போது தயங்கினால் அடை உடையும், உடைந்தாலும் கெட்டுவிடாது என்னும் இரண்டு உண்மைகளை எந்த நூலும் அவ்வளவு தெளிவாகக் கற்பித்திராது.

அம்மையார் நகைச்சுவை மிக்கவர், பார்ப்பதற்கு இனிமையானவர். ஆதலின் கல்வியும் களிப்பும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை நாம் மறத்தலாகாது. ஆனால் அவரது களிப்பு கல்விக்குத் துணையாக நின்றது. நிகழ்ச்சி முடிந்ததும் பார்த்தவர் எழுந்து சென்று சமைக்க வேண்டும் என்பதே நோக்கம்.

அடுத்த மாறுதல் சில ஆண்டுகளிலேயே வந்தது. கிரகாம் கெர் என்னும் ஆங்கிலேயர் கனடாவின் ஒட்டாவா நகரில், 1960-களின் முடிவிலிருந்து 1971 வரை, 'பாய்ந்தோடும் போஜனப் பிரியர்' என்று நாம் பெயர்க்கத்தக்க நிகழ்ச்சி ஒன்றை நடத்தினார். தயாரித்தவர் அவருடைய மனைவியார். இங்கே அரங்கில் பார்வையாளர் அமர்ந்திருந்தனர். சமையற்காரர் நாற்காலியைத் தாண்டிக் குதித்து உள்ளே வருவார். கையில் மதுக் கிண்ணம் இருக்கும். வேடிக்கைக் கதைகள் சொல்வார். இறுதியில் சமைத்ததை வாயில் இட்டுக் கண்களை மூடி இன்பத்தில் ஆழ்வார். பார்வையாளருள் ஒருவரை அழைத்து உடன் உண்ணச் செய்வார்.

நேயர்களே, மாறுதலின் சூட்சுமம் இங்குதான் இருக்கிறது. சமையல் கற்பிக்கும்போது காமிரா கையைப் பார்க்கிறது. களிப்பூட்டும்போது முகத்தைப் பார்க்கிறது. வெங்காயத்தின் நிறம் எவ்வாறு மாறுகிறது என்று சட்டிக்குள் பார்த்துக்கொண்டிருந்த காமிரா, உண்பவரின் முகத்தில் இன்பம் எவ்வாறு பரவுகிறது என்று பார்க்கத் திரும்பியது. நாவின் சுவையையும் மூக்கின் மணத்தையும் எந்த ஒளிபரப்பாலும் அனுப்ப இயலாது. முகத்தின் மலர்ச்சியையோ எவ்வளவு தொலைவுக்கும் அனுப்பலாம். இவ்வொரு திருப்பத்தை மனத்தில் கொண்டால் அதன்பின் நிகழ்ந்தவை அனைத்தும் எளிதில் விளங்கும்.

உலகத் தொலைக்காட்சி வரலாற்றில் 1993-ஆம் ஆண்டு சமையலைப் பொறுத்தவரை ஒரு திருப்புமுனை. அவ்வாண்டில் அமெரிக்காவில், நாள் முழுதும் உணவைப் பற்றியே ஒளிபரப்பும் தனி அலைவரிசை தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் ஜப்பானில் 'இரும்புச் சமையற்காரர்' என்னும் போட்டி நிகழ்ச்சி பிறந்தது. அரண்மனை போன்ற மேடை. அரசரைப் போல் உடுத்த ஒரு தலைவர். அவர் திரையை விலக்கியதும் அன்றைய மூலப்பொருள் வெளிப்படும். இரண்டு வல்லுநர்கள் அறுபது நிமிடத்திற்குள் அப்பொருளைக் கொண்டு பல பண்டங்களைச் சமைக்க வேண்டும். விளையாட்டுப் பந்தயத்தை வருணிப்பதுபோல் ஒருவர் விடாமல் வருணிப்பார். பார்ப்பவருள் யாரும் அவற்றை வீட்டில் சமைக்கப் போவதில்லை. அப்படி யாரும் எதிர்பார்க்கவுமில்லை. யார் வெல்வார் என்பதே கேள்வி. மல்யுத்தம் பார்ப்பவர் மல்யுத்தம் பயில வேண்டியதில்லை அன்றோ?

பிரிட்டனில் 1990-இல் தொடங்கிய 'மாஸ்டர்செஃப்' என்னும் போட்டி 2005-இல் புதுவடிவம் பெற்றது. ஆஸ்திரேலியாவில் 2009-இல் அது அறிமுகமானபோது நாடே அதில் மூழ்கிற்று. மறு ஆண்டில் அந்நாட்டின் பொதுத் தேர்தலையொட்டிப் பிரதமருக்கும் எதிர்க்கட்சித் தலைவருக்கும் நடைபெறவிருந்த தொலைக்காட்சி விவாதம், இப்போட்டியின் இறுதிச் சுற்றோடு மோதலாகாது என்பதற்காக முன்கூட்டியே நடத்தப்பட்டது. ஆட்சி யாருக்கு என்னும் வாதம் அடுப்பு யாருக்கு என்னும் போட்டிக்கு வழிவிட்டது என்றால், இந்நிகழ்ச்சிகளின் செல்வாக்கை வேறு விளக்க வேண்டியதில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். தில்லியில் 1959 செப்டம்பரில் சோதனை முறையில் தொடங்கிய தொலைக்காட்சி, நெடுங்காலம் கல்விச் சாதனமாகவே கருதப்பட்டது. உழவர்களுக்கான 'கிருஷி தர்ஷன்' 1967-இல் தொடங்கிற்று. 1975-76-இல் செயற்கைக்கோள் வாயிலாக ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்கு வேளாண்மை, சுகாதாரம், குடும்ப நலம் முதலியவை பற்றிய நிகழ்ச்சிகள் அனுப்பப்பட்டன. மக்களுக்குப் பயன்படுவதைச் சொல்லுவதே தொலைக்காட்சியின் கடமை என்பது அக்காலத்தின் கொள்கை.

1992 அக்டோபரில் 'ஜீ' என்னும் தனியார் இந்தி அலைவரிசை தொடங்கியது. அதில் 1993-இல் 'கானா கஜானா' என்னும் சமையல் நிகழ்ச்சி வந்தது. மும்பை ஓட்டல் ஒன்றில் தலைமைச் சமையற்காரராக இருந்த சஞ்சீவ் கபூர் அதனை நடத்தினார். தொடக்கத்தில் அதனை இயக்கியவர் பிற்காலத்தில் திரைப்பட இயக்குநராகப் புகழ்பெற்ற ஹன்சல் மேத்தா. புன்னகை, தெளிவான இந்தி, சுருக்கமான செய்முறை, இறுதியில் பொருள்களின் பட்டியல் — இவையே அந்நிகழ்ச்சியின் இலக்கணம். ஏறத்தாழ பதினேழு ஆண்டுகள் அது நடந்தது.

வெளிமாநிலத் தமிழ்க் குடும்பங்களுக்கு அந்நிகழ்ச்சி செய்த உதவி சிறியதன்று. நம் வீடுகளில் பனீரும் ராஜ்மாவும் நாணாமல் நுழைந்ததில் அதற்கும் ஒரு பங்குண்டு. அது மொழியாசிரியராகவும் விளங்கிற்று. துவரம்பருப்பு 'அர்ஹர்' என்றும், உளுந்து 'உரத்' என்றும், வெந்தயம் 'மேத்தி' என்றும், பெருங்காயம் 'ஹீங்' என்றும் கடைக்காரரிடம் கேட்கத் தெரிந்தால்தான் தில்லியில் ஒரு சாம்பார் கொதிக்கும். இச்சொற்களை அகராதியைப் புரட்டாமல், பொருளைக் கண்ணால் கண்டு பெயரைக் காதால் கேட்டுப் பழகும் வாய்ப்பைச் சமையல் நிகழ்ச்சி அளித்தது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நம் போன்றோர்க்கு இதன் அருமை நன்கு விளங்கும்.

அதே 1993-இல் 'சன்' தொலைக்காட்சி தொடங்கியது. செயற்கைக்கோளின் வழியாகத் தமிழ் நிகழ்ச்சிகள் கரோல்பாகிற்கும் மாட்டுங்காவிற்கும் வந்து சேர்ந்தன. கவியரசர் கண்ணதாசனின் மகளாகிய ரேவதி சண்முகம் போன்றோர் தமிழில் சமைத்துக் காட்டியபோது, ஊரிலிருந்து அத்தையோ சித்தியோ வந்து நிற்பது போன்ற உணர்வு பலருக்கும் உண்டாயிற்று. 'பச்சை வாசனை போக வதக்க வேண்டும்' என்னும் தொடரை எத்தனை முறை கேட்டிருப்போம்! அத்தொடருக்குள் ஒரு முழுப் பாடமே அடங்கியிருக்கிறது.

இந்தியாவிலும் காற்று மாறியது. 2010 அக்டோபரில் 'ஸ்டார் பிளஸ்' அலைவரிசையில் 'மாஸ்டர்செஃப் இந்தியா' தொடங்கியது. முதற்போட்டியை நடத்தியவர் திரைப்பட நடிகர் அக்ஷய் குமார். வென்றவர் லக்னோவைச் சேர்ந்த பள்ளி ஆசிரியை பங்கஜ் பதௌரியா. 2021 ஆகஸ்டில் 'சன்' தொலைக்காட்சியில் நடிகர் விஜய் சேதுபதி நடத்த, இப்போட்டி தமிழிலும் வந்தது. அதற்கு முன்பே, 2019 நவம்பரில், 'விஜய்' தொலைக்காட்சி 'குக்கு வித் கோமாளி' என்னும் புதுமையைத் தோற்றுவித்திருந்தது.

இந்நிகழ்ச்சியின் அமைப்பு நாம் ஆராயும் மாறுதலின் முடிந்த முடிபு எனலாம். சமைக்கத் தெரிந்த ஒருவருக்குத் துணையாக, சமையலே அறியாத நகைச்சுவையாளர் ஒருவர் நியமிக்கப்படுகிறார். கோமாளிக்கு உப்புக்கும் சர்க்கரைக்கும் வேறுபாடு தெரியாமல் போவதும், சமைப்பவர் தலையில் கை வைத்துக்கொள்வதும்தான் நிகழ்ச்சியின் உயிர். தொடக்கத்தில் நடுவர்களாக அமர்ந்த தாமோதரனும் வெங்கடேஷ் பட்டும் தொழில்முறையில் தேர்ந்த சமையல் வல்லுநர்கள். அவர்களே கோமாளிகளோடு சேர்ந்து ஆடிப்பாடினர். தெருக்கூத்தில் கட்டியங்காரனுக்கு உள்ள இடம் இங்கே கோமாளிக்கு. ஜூலியா அம்மையாரின் கையிலிருந்து தவறிய அடை பாடத்தின் நடுவே நேர்ந்த தவறு. இங்கோ தவறே நிகழ்ச்சி. பாடம் அதன் நடுவே எப்போதாவது நேர்கிறது.

இம்மாறுதலுக்குக் காரணங்கள் யாவை? யாரோ ஒருவர் கற்பித்தல் வேண்டாம் என்று முடிவு செய்துவிடவில்லை. பல காரணங்கள் ஒன்றுகூடின.

முதலாவது, பாடத்திற்கு முடிவு உண்டு, போட்டிக்கு முடிவில்லை. வத்தக்குழம்பை எத்தனை முறை கற்பிக்க இயலும்? கற்றவருக்கு மீண்டும் பார்க்க வேண்டிய தேவையில்லை. போட்டியிலோ மனிதர்கள் மாறிக்கொண்டே இருப்பர். அடுத்த வாரம் யார் வெளியேறுவர் என்னும் கவலை பார்ப்பவரைக் கட்டி நிறுத்தும்.

இரண்டாவது, பார்ப்போரின் தொகை. சமைத்துக் காட்டும் நிகழ்ச்சியைச் சமைப்பவரே பார்ப்பர். அதனால் அது பிற்பகலில், வீட்டிலிருக்கும் பெண்களுக்கென ஒதுக்கப்பட்டது. போட்டியைக் குழந்தைகளும் ஆடவரும் முதியோரும் கூடி அமர்ந்து இரவு வேளையில் பார்ப்பர். விளம்பரக் கட்டணமும் அந்த வேளைக்கே மிகுதி. நேயர் கடிதங்களைப் பார்த்து நிகழ்ச்சியை அமைத்த காலம் போய், பார்ப்போர் எண்ணிக்கையைப் பார்த்து அமைக்கும் காலம் வந்தது.

மூன்றாவது, போட்டியின் எலும்புக்கூடு எந்நாட்டுக்கும் பொருந்தும். கீரை மசியலைக் கற்பிக்கும் நிகழ்ச்சியை ஜப்பானுக்கு விற்க இயலாது. கடிகாரம், நடுவர், கண்ணீர், கைதட்டல் ஆகிய நான்கையும் எந்நாட்டுக்கும் விற்கலாம். உள்ளே வைக்கும் பண்டத்தை அந்தந்த நாட்டார் நிரப்பிக்கொள்வர்.

நான்காவது, நம் வாழ்க்கையே மாறியது. அரைத்த இட்லி மாவு கடையில் கிடைக்கிறது; பொடிகள் பொட்டலத்தில் வருகின்றன; பெண்களும் ஆண்களைப் போலவே அலுவலகம் செல்கின்றனர். நாள்தோறும் செய்தே தீர வேண்டிய வேலை, வேண்டும்போது செய்யும் வேலையாகியது. சிலருக்குப் பார்த்து மகிழும் காட்சியாகவும் ஆகியது. அமெரிக்க எழுத்தாளர் மைக்கேல் பாலன் 2009-இல் எழுதிய கட்டுரையொன்றில் இம்முரண்பாட்டை எடுத்துக்காட்டினார். அந்நாட்டில் ஒருவர் நாளொன்றுக்குச் சமையலுக்குச் செலவிடும் நேரம் சராசரி 27 நிமிடமே என்றும், சமையல் போட்டி ஒன்றைப் பார்ப்பதற்கு அதைவிட அதிக நேரம் செல்கிறது என்றும் அவர் குறிப்பிட்டார்.

ஐந்தாவதாக ஒன்றையும் சொல்ல வேண்டும். கற்பித்தல் அழிந்துவிடவில்லை, இடம் பெயர்ந்தது. இன்று ஒருவர் அவியல் செய்ய விரும்பினால், வேண்டிய நொடியில் கைப்பேசியில் யூடியூபைத் திறந்து, வேண்டிய இடத்தில் நிறுத்தி, மீண்டும் பார்த்துக் கற்கலாம். குறித்த நேரத்திற்குக் காத்திருந்து கற்க வேண்டிய தேவை நீங்கவே, தொலைக்காட்சிக்கு எஞ்சியது களிப்பே.

நிற்க. இம்மாறுதலால் கேடு மட்டுமே விளைந்தது என்று கூறுவது நியாயமாகாது. சமையல் பெண்களுக்கு மட்டுமே உரிய வேலை என்னும் எண்ணத்தைப் போட்டி நிகழ்ச்சிகள் தளர்த்தின. பரிசாரகர் என்று சற்றுக் குறைவாகவே மதிக்கப்பட்ட சமையற்காரருக்கு மேடையும் மாலையும் கிடைத்தன. ஒரு பள்ளி ஆசிரியையின் கைத்திறனை நாடு முழுதும் எழுந்து நின்று பாராட்டியது. வெளிமாநிலத் தமிழர்களாகிய நமக்கு இன்னொரு நன்மையும் உண்டு. வீட்டுக்கு வெளியே இந்தியும் வங்காளியும் மராத்தியும் பேசி வளரும் நம் பிள்ளைகள், கோமாளிகளின் சிலேடையைப் புரிந்துகொள்வதற்காகவே தமிழைக் காது கொடுத்துக் கேட்கின்றனர். பாட்டியும் பேரனும் ஒரே வேளையில் ஒரே நகைச்சுவைக்குச் சிரிக்கும் காட்சி எளிதில் கிடைப்பதன்று.

இழப்பு எது? சமையலில் பெரும்பகுதி காத்திருத்தல். புளி கொதித்து வற்றும் வரை, மாவு பொங்கும் வரை, பால் சுண்டும் வரை காத்திருக்க வேண்டும். போட்டியின் கடிகாரத்துக்குக் காத்திருத்தல் பகை. ஆதலின் அது வெட்டி எறியப்படுகிறது. பார்த்து வளரும் பிள்ளைகள், சமையல் என்றால் பதற்றம், அலங்காரம், தீர்ப்பு என்று எண்ணக்கூடும். நாள்தோறும் செய்யும் எளிய சோறும் குழம்பும் நடுவர் முன் வைக்கத்தக்கன அல்ல என்னும் கூச்சமும் தோன்றக்கூடும். நடுவர் இல்லாத சமையலே உலகில் மிகுதி என்பதை அவர்களுக்கு யாரேனும் சொல்ல வேண்டும்.

மேலும், திரையில் வரும் பாடம் எங்கோ ஓரிடத்தின் பாடம். சென்னையில் மாவைக் கரைத்து வைத்தால் மறுநாள் காலை பொங்கி நிற்கும். தில்லியின் ஜனவரிக் குளிரில் அதே மாவு கல்போல் கிடக்கும். பாத்திரத்தைக் கம்பளியால் சுற்றி வைக்க வேண்டும், அன்றி இன்னும் ஒரு பகல் பொறுக்க வேண்டும் என்பதை எந்தப் போட்டி நடுவரும் சொல்லமாட்டார். அதனைச் சொல்லக் கூடியவர், நாற்பது குளிர்காலங்களை அங்கே கழித்த அடுத்த வீட்டு மாமியே. வெளிமாநிலத் தமிழ்ச் சமையல் என்பது ஊர்ச் சமையலின் நகல் அன்று. கடுகெண்ணெய் மணக்கும் நகரங்களில், ஊரில் கிடைக்கும் காய்கள் கிட்டாத சந்தைகளில், தண்ணீரும் பருவமும் வேறுபட்ட நிலத்தில், நம் தாய்மார் பலமுறை செய்து பார்த்துக் கண்டறிந்த தனி வழி அது. அதனை எந்த அலைவரிசையும் ஒளிபரப்பியதில்லை. எந்த நூலும் முழுமையாக எழுதியதில்லை. அதை அறிந்தவர்கள் இன்று முதுமை எய்தியிருக்கின்றனர். அவர்களோடு அந்த அறிவும் மறையுமாயின், அதை மீட்டெடுக்க வழி இல்லை.

ஆதலின் நாம் செய்ய வேண்டியது யாது? தொலைக்காட்சியைக் குறைகூறி அணைப்பது அன்று. அது தர வந்த களிப்பை மகிழ்ச்சியோடு பெற்றுக்கொள்வோம். கல்வியை அதனிடம் எதிர்பார்ப்பதை விட்டு, கல்வி இருக்கும் இடத்தில் தேடுவோம். வீட்டில் உள்ள முதியவர் சமைக்கும்போது, அவர் கைப்பிடியாக அள்ளிப் போடும் பொருளை ஒரே ஒரு முறை தராசில் நிறுத்து எழுதிக்கொள்வோம். 'கொஞ்சம்' என்று அவர் சொல்லுவது எத்தனை கிராம் என்பது அப்போது விளங்கும். கையிலுள்ள கைப்பேசியில் அவருடைய முகத்தைப் படம் எடுப்பதற்கு முன்னர், பாகை உருட்டிப் பார்க்கும் அவர் விரல்களைப் படம் எடுத்து வைப்போம். எந்த மாதத்தில் எந்தச் சந்தையில் எது கிடைக்கும், எதற்கு எது மாற்று என்பனவற்றையும் குறித்துக்கொள்வோம். ஆண்பிள்ளை, பெண்பிள்ளை என்ற வேறுபாடின்றிப் பிள்ளைகளை அருகில் நிறுத்திக்கொண்டு, வாரத்தில் ஒரு வேளையாவது அவசரமின்றிச் சமைப்போம்.

தொலைக்காட்சி கையை விட்டு முகத்தைப் பார்க்கத் திரும்பிவிட்டது. அதற்கு அதன் நியாயம் உண்டு. நம் வீட்டில் அந்தக் கையைப் பார்க்கும் பொறுப்பு இனி நம்முடையது.